முடி உதிர்வு: காரணம் கண்டுபிடிப்பது முதல் தலைத்தோல் சிகிச்சை வரை முழு வழிகாட்டி

முடி கொட்டுகிறது என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு எண்ணெயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒன்று, அலுவலக நண்பரிடம் ஒன்று, யூடியூபில் நூறு. தோல் மருத்துவர் மட்டும்தான் வேறு இடத்திலிருந்து தொடங்குவார்: "மூணு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல், ஆபரேஷன்னு ஏதாவது வந்துச்சா?" கேள்வி சம்பந்தமில்லாதது போலத் தெரியும். முடி உதிர்வில் பாதி விடை அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

காரணத்தைத் தெரிந்துகொண்டு பிறகு மருந்துக்குப் போவதுதான் சரியான வரிசை. தலைகீழாகப் போனால் பணம் வீணாகும். சில வகை உதிர்வுகளில் காலமும் வீணாகும், அந்தக் காலத்தை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது.

படி 1: வேரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலிலிருந்து முளைக்கிறது. 2 முதல் 6 ஆண்டுகள் வளரும் பருவம், 2-3 வாரம் சுருங்கும் பருவம், சுமார் 3 மாதம் ஓய்வு. அதன்பின் பழைய முடி விழுந்து அதே காலில் புதியது முளைக்கும். எந்த நேரத்திலும் 85-90 சதவீத முடிகள் வளரும் பருவத்திலும் மீதி பெரும்பாலும் ஓய்விலும் இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. வாரம் இருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு இடைப்பட்ட நாட்களின் கணக்கும் சேர்ந்து அன்றைக்குக் கையில் வரும். நீள முடி என்றால் அதே எண்ணிக்கை பெரிய பந்தாகத் தெரியும். குளியலறை வடிகட்டியைப் பார்த்துப் பயந்து வருபவர்களில் பலருக்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கீழே விழுந்த முடியைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. மயிர்க்கால் என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அது ஓய்வில் இருக்கலாம், சுற்றுக்குச் சுற்று சிறுத்துக்கொண்டிருக்கலாம், தழும்பாகி மூடியும் போயிருக்கலாம். ஓய்வில் இருப்பது தானே எழும். சிறுப்பதை மருந்தால் தடுக்கலாம், ஓரளவு மீட்கலாம். தழும்பானதை எதுவும் மீட்காது. கீழே வரும் எல்லாக் காரணங்களையும் இந்த மூன்றில் ஒன்றில் வைத்துப் பாருங்கள்.

படி 2: வீட்டிலேயே ஒரு பரிசோதனை

நல்ல வெளிச்சத்தில், எண்ணெய் வைக்காத உலர்ந்த தலையில், கண்ணாடி முன் உட்காருங்கள். உச்சியிலிருந்து யாராவது படம் எடுத்துக் கொடுத்தால் நல்லது. வகிடு, நெற்றிக் கோடு, உச்சி மூன்றையும் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பின்னால் சொல்லப்போவது இந்தப் படங்கள்தான். கண்ணாடியும் மனசும் சொல்வதை நம்ப முடியாது.

அடுத்து, விழுந்த முடியின் வேர் நுனியைப் பாருங்கள். நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஓய்வு முடிந்து வேரோடு வந்த முடி. குமிழே இல்லாமல் பாதியில் ஒடிந்திருந்தால் சிக்கல் வேரில் இல்லை, தண்டில் இருக்கிறது. ஸ்ட்ரெய்ட்னிங், ப்ளீச், ஈர முடியை இழுத்து வாருவது போன்றவற்றால் ஒடிவது அது. போர் தண்ணீரின் உப்பும் முடியைச் சொரசொரப்பாக்கிச் சிக்கை அதிகமாக்கலாம். வழுக்கைக்கு அதைப் பழி சொல்ல முடியாது. ஹெல்மெட்டும் அப்படித்தான். தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள்.

பிறகு இழுத்துப் பார்க்கும் சோதனை. ஒரு நாளாவது தலைக்குக் குளிக்காத நிலையில், சுமார் 50-60 முடிகளை விரல்களுக்கிடையே பிடித்து வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு இப்போது தீவிரமாக நடக்கிறது. தலையின் நான்கு பக்கமும் செய்து பாருங்கள்.

கடைசியாகத் தோல். முடி இல்லாத இடத்தில் துளைகள் தெரிகின்றனவா, அல்லது பளபளவென்று வழவழப்பாக, துளையே இல்லாமல் இருக்கிறதா? இரண்டாவது என்றால் மற்ற படிகளைப் படித்துக்கொண்டிருக்காமல் இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். எரிச்சல், வலி, சீழ், முடியைச் சுற்றிச் சிவந்த வளையம் இருந்தாலும் அதே அவசரம்தான். லைக்கன் பிளானோபிலாரிஸ், டிஸ்காய்டு லூபஸ் போன்ற தழும்பாக்கும் நோய்களில் ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் நிரந்தரமாகச் சில மயிர்க்கால்கள் போகும். இருப்பதைக் காப்பாற்றுவது மட்டுமே அங்கே சிகிச்சையின் நோக்கம்.

படி 3: உங்கள் உதிர்வு எந்த வகை?

தலை முழுவதும் பரவலாக, கொத்துக் கொத்தாக, வெள்ளைக் குமிழோடு வருகிறது என்றால் நாட்காட்டியை 2-3 மாதம் பின்னால் திருப்புங்கள். டெங்கு, டைபாய்டு, சிக்குன்குனியா, கோவிட், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தது, பெரிய மன அதிர்ச்சி — ஏதாவது ஒன்று அங்கே நிற்கும். இயல்பாக ஒவ்வொரு மயிர்க்காலும் தனக்கென ஒரு கணக்கில் இயங்கும். உடலுக்குப் பெரிய அடி விழும்போது, ஒரே நாளில் நட்ட வயல் ஒரே நாளில் அறுவடைக்கு வருவதுபோல, ஏராளமான முடிகள் சேர்ந்தே ஓய்வுக்குப் போகின்றன. மூன்று மாதம் கழித்து சேர்ந்தே விழுகின்றன. காய்ச்சலையே மறந்துவிட்ட நேரத்தில் முடி கொட்டுவதால், அந்த வாரம் மாற்றிய ஷாம்பூவின் மேல் பழி விழும்.

நல்ல செய்தி என்னவென்றால், மயிர்க்கால் சாகவில்லை. காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் உதிர்வு அடங்கிவிடும். பிரசவமான பெண்களுக்கு நான்காம் மாதம் வாக்கில் உச்சத்துக்குப் போய், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிமார்கள் சொல்வதில் காலக்கணக்கு சரிதான். காரணம் சிரிப்பில்லை, கர்ப்பகாலத்தில் விழாமல் தங்கியிருந்த முடிகள் ஹார்மோன் இறங்கியதும் விழுகின்றன. இந்த வகையில் எந்த எண்ணெயைத் தடவியிருந்தாலும் ஆறாவது மாதம் முடி வந்திருக்கும். பாதி எண்ணெய்களின் புகழ் இப்படி வந்ததுதான் என்பது என் கருத்து.

ஆண்களுக்கு நெற்றியின் இரு மூலைகளும் ஏறி, உச்சி மெலிந்து, பின்னந்தலையும் பக்கவாட்டும் அடர்த்தியாகவே இருந்தால் அது பரம்பரை வழுக்கை. பெண்களுக்கு நெற்றிக் கோடு அப்படியே இருக்க, வகிடு அகலமாகிக்கொண்டே போகும். டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை ஒரு நொதி டி.எச்.டி. என்ற வீரியமான வடிவத்துக்கு மாற்றுகிறது. பரம்பரையாக அதனால் எளிதில் பாதிக்கப்படும் மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போய், தடித்த முடிக்குப் பதில் பூனைமுடி முளைப்பிக்கும். கடைசியில் அதுவும் நிற்கும். அம்மா வழித் தாத்தாவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரு பக்கத்திலிருந்தும் வரும். முடி அதிகம் கொட்டாமலேயே தலை மெலிவது இதன் தந்திரம். கொட்டுவதை எண்ணிக்கொண்டிருப்பவர் இதைத் தவறவிடுவார். பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் முடி, பருக்கள் சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காசு அளவில் வட்டமாக, வழுவழுப்பாக முடி போயிருந்தால் புழுவெட்டு. பூச்சி அரித்தது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. உண்மையில் உடலின் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. ஒன்றிரண்டு வட்டங்கள் ஒரு வருடத்துக்குள் தானாகவே நிரம்புவது சகஜம். வேகப்படுத்த, அந்த இடத்திலேயே ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை 4-6 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். தலை முழுவதும் போகும் தீவிர வகைக்கு பாரிசிட்டினிப் மாத்திரையை 2022-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அது கண்காணிப்போடு மட்டும் எடுக்க வேண்டிய மருந்து.

குழந்தையின் தலையில் செதில், அரிப்பு, ஒடிந்த முடி கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தால் படர்தாமரைப் பூஞ்சையைச் சந்தேகியுங்கள். பூஞ்சை முடிக்குள் புகுந்திருப்பதால் களிம்பு போதாது, வாரக்கணக்கில் மாத்திரை வேண்டும். சில குழந்தைகளுக்கு அது சீழ்க்கட்டி போல வீங்கும், அதைக் கீறிவிடக் கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிப் பூஞ்சையை வளர்க்கும். வீட்டில் மற்றவர்களுக்கு அந்தச் சீப்பும் துண்டும் வேண்டாம்.

நெற்றியோரமும் காதுக்கு மேலும் மட்டும் மெலிந்தால் கொண்டையையும் பின்னலையும் பாருங்கள். வருடக்கணக்கில் இறுக்கி வாரிப் போடும் பின்னல், கனமான சவுரி முடி எல்லாம் வேரைத் தொடர்ந்து இழுக்கின்றன. ஆரம்பத்தில் தளர்த்தினால் திரும்பும், பல வருடம் கழித்துத் தளர்த்தினால் திரும்பாது. பெண் குழந்தைக்கு நெற்றி இழுபடும்படி ரெட்டைச்சடை போடுவதை நிறுத்த இது போதுமான காரணம்.

படி 4: ரத்தப் பரிசோதனை, பிறகுதான் சத்து மாத்திரை

பரவலான உதிர்வுக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். மூன்றும் முதலில். தேவைப்பட்டால் வைட்டமின் டி, சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு பி12. ஹீமோகுளோபின் சரியாக இருந்து, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் காலியாக இருப்பது பெண்களிடம் சாதாரணம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15-49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த நாட்டில் பெண்ணின் முடி உதிர்வுக்கு மருந்து எழுதுவதற்கு முன் இரும்பைப் பார்க்காமல் விடுவது தப்பு. இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டோடு காபி, டீ குடித்து முறித்துவிடாதீர்கள். எலுமிச்சைச் சாறு துணை செய்யும்.

பயோட்டின் மாத்திரை கடையெங்கும் தொங்குகிறது. உண்மையான பயோட்டின் குறைபாடு அரிது, குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்த்ததற்கு நல்ல ஆதாரமில்லை. அதைவிட, அதிக அளவில் எடுத்தால் தைராய்டு, மாரடைப்பு கண்டறியும் ட்ரோபோனின் போன்ற பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். ரத்தம் கொடுக்கப் போகும் முன் நிறுத்திவிட்டு, எடுத்ததையும் சொல்லுங்கள்.

சத்து அதிகமானாலும் முடி கொட்டும். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அப்படி. 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டக் கிராமங்களில் சில நாட்களிலேயே பலர் மொட்டையானார்கள். அங்கு விநியோகமான கோதுமையில் செலினியம் மிக அதிகமாக இருந்ததாக மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் தன் ஆய்வில் சொன்னார். நான்கு வகைச் சத்து மாத்திரையை ஒன்றாக விழுங்குபவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைக் கூட்டிப் பார்ப்பது நல்லது. சாப்பிடும் மற்ற மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்: பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், சில ரத்த அழுத்த மாத்திரைகள் முடியைக் கொட்ட வைக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படி 5: தலைத்தோலைச் சுத்தப்படுத்துங்கள்

பொடுகும் அரிப்பும் இருக்கும் தலையில் எந்த மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாது. பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலாசீசியா என்ற ஈஸ்ட். அது தோலின் கொழுப்பைத் தின்று வாழ்கிறது. பொடுகு வறட்சியால் வருகிறது என்று நினைத்து ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறவிடுவது அதற்குச் சாப்பாடு போடுவதுதான்.

2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூ வாங்குங்கள். தலையை நனைத்து, நுரையை முடியில் இல்லாமல் தோலில் தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசுங்கள். பலர் போட்ட கையோடு அலசிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பார்கள். வாரம் இருமுறை, 4 வாரம். பிறகு தேவைக்கேற்ப வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ. தினமும் தலைக்குக் குளித்தால் முடி கொட்டும் என்ற பயம் வேண்டாம். கொட்ட இருந்ததுதான் கையில் வருகிறது.

படி 6: மினாக்ஸிடில்

பரம்பரை வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்துகளில் வலுவான ஆதாரம் இதற்குத்தான். ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத் தலைக்குத் திருப்பினார்கள். 1988-ல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. மயிர்க்காலை ஓய்விலிருந்து எழுப்பி வளரும் பருவத்தை நீட்டுகிறது. முற்றிலும் வழுக்கையாகிப் பல வருடமான இடத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மெலிந்த இடத்தில்தான் அதன் பலம்.

ஆண்களுக்கு 5 சதவீதக் கரைசல் காலை-மாலை 1 மில்லி. பெண்களுக்கு 2 சதவீதம் இருவேளை, அல்லது 5 சதவீத நுரை ஒருவேளை. தலை உலர்ந்திருக்க வேண்டும். வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் சொட்டு விட்டு விரலால் பரப்புங்கள். முடியில் வழிந்தது வீண். கையைக் கழுவுங்கள், 4 மணி நேரம் தலையை நனைக்காதீர்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவிவிட்டால் தலையணை வழியாக முகத்துக்குப் போகாது. பெண்களுக்கு நெற்றி, கன்னத்தில் முடி முளைப்பதன் ஒரு காரணம் இந்தத் தலையணைதான்.

இனி முக்கியமான எச்சரிக்கை. தொடங்கிய 2 முதல் 8 வாரத்தில் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருந்த பழைய முடிகளைத் தள்ளிவிட்டுப் புதியவை கிளம்புவதால் வருவது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் பயந்து பாட்டிலைத் தூக்கி எறிகிறார்கள். 4 மாதம் வரை ஒன்றும் தெரியாது. 6 மாதத்தில் படி 2-இல் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள், ஒரு வருடத்தில் முடிவெடுங்கள். முடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும், அவசரப்படுத்த முடியாது. நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்தது போய்விடும். தொடர்ந்து போட மனமில்லாதவர் தொடங்காமல் இருப்பதே மேல்.

தோல் அரித்தால், கரைசலில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் காரணமாக இருக்கலாம், நுரை வடிவத்துக்கு மாறலாம். தலைச்சுற்றல், படபடப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தொடக் கூடாது. இதயநோய் உள்ளவர் கேட்காமல் தொடங்கக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம், அது நக்கினால் உயிருக்கே ஆபத்து. குறைந்த அளவு மினாக்ஸிடில் மாத்திரையும் இப்போது எழுதப்படுகிறது. அது கடையில் கேட்டு வாங்கும் சமாச்சாரமில்லை.

ஆண்களுக்கு டி.எச்.டி.யையே குறைக்கும் ஃபினாஸ்டரைட் 1 மில்லிகிராம் மாத்திரை இன்னொரு வழி. உதிர்வை நிறுத்துவதில் மினாக்ஸிடிலைவிட இது அடிப்படையைத் தொடுகிறது. சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம், மனச்சோர்வு வரலாம். இதைக் கூச்சமின்றி மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனை எண்ணை இது ஏறத்தாழப் பாதியாகக் காட்டும், சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணி மனைவி உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது, கருவில் ஆண் சிசுவைப் பாதிக்கும்.

படி 7: எண்ணெய், வெங்காயம், மொட்டை

தேங்காய் எண்ணெய்க்கு ஆதாரம் உண்டு. குளிப்பதற்கு முன் தடவினால் முடித் தண்டிலிருந்து புரதம் கழுவிப் போவது குறைகிறது, ஒடிவது குறைகிறது. அதன் எல்லை தண்டு, மயிர்க்காலை எழுப்பாது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை காய்ச்சிய எண்ணெயையும் அதே எதிர்பார்ப்போடு, பொடுகில்லாத தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புழுவெட்டில் சின்ன வெங்காயம் தேய்ப்பது நம் வழக்கம். வெங்காயச் சாற்றை வைத்து ஈராக்கில் நடந்து 2002-ல் வெளிவந்த சிறிய ஆய்வில் பலருக்கு முடி முளைத்தது. தானாகவே முளைக்கும் நோயில், சில பத்துப் பேரை வைத்துச் செய்தது என்பதால் அதற்கு மேல் எடை தர முடியாது. வழுக்கைக்கு அது பொருந்தாது. ரோஸ்மேரி எண்ணெய் மினாக்ஸிடிலுக்கு இணை என்ற பேச்சு 2015-ல் ஈரானில் 100 பேரிடம் நடந்த ஆய்விலிருந்து வந்தது. ஒப்பிட்டது 2 சதவீத மினாக்ஸிடிலோடு. ஆண்கள் வழக்கமாகப் போடுவது 5 சதவீதம். மருந்தில்லாத குழுவும் அதில் இல்லை.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்பது பழனிக்கும் திருப்பதிக்கும் வேண்டிக்கொள்ள ஒரு கூடுதல் காரணமாக இருந்துவிட்டுப் போகட்டும். சவரக்கத்தி தோலுக்கு மேல் வெட்டுகிறது, மயிர்க்காலுக்கு அது தெரியாது. வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் தடித்தது போலத் தோன்றும்.

படி 8: கிளினிக் சிகிச்சைகள்

தலைத்தோலில் உருட்டும் நுண்ணூசி உருளைக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2013-ல் மும்பையில் 100 ஆண்களிடம் நடந்த ஆய்வில், 5 சதவீத மினாக்ஸிடிலோடு வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் ஊசி உருட்டியவர்களுக்கு 12 வாரத்தில் சராசரியாக 91 முடிகளும், மருந்து மட்டும் போட்டவர்களுக்கு 22 முடிகளும் எண்ணிய பரப்பில் கூடின. வீட்டில் வாங்கி உருட்டினால் கிருமித்தொற்று வரும் ஆபத்து உண்டு. குத்திய அன்று மினாக்ஸிடில் போடக் கூடாது.

பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. பெரும்பாலும் மாதம் ஒன்றாக மூன்று முறை. ஒவ்வொரு கிளினிக்கும் ஒவ்வொரு விதமாகத் தயாரிப்பதால் பலனும் கலவையாக இருக்கிறது. மினாக்ஸிடிலை ஒரு வருடம் ஒழுங்காகப் போடாதவருக்கு இதை முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தால் சந்தேகப்படுங்கள்.

முடி மாற்று அறுவை சிகிச்சை பின்னந்தலையின் முடியை வேரோடு எடுத்து முன்னால் நடுகிறது. பின்னந்தலை மயிர்க்கால்கள் டி.எச்.டி.க்கு அசையாதவை என்பதால் நட்ட இடத்திலும் நிலைக்கும். ஆனால் அந்தக் கையிருப்பு அளவோடுதான் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் அதைச் செலவழித்துத் தாழ்வான நெற்றிக் கோடு வரைந்தவருக்கு, நாற்பதில் பின்னால் வழுக்கை ஏறும்போது எடுக்க முடி இருக்காது. நடாத பழைய முடி மெலிந்துகொண்டேதான் இருக்கும், எனவே மருந்து நிற்காது. புழுவெட்டு தீவிரமாக இருக்கும்போதும், தழும்பாக்கும் நோய் அடங்காதபோதும் நடக் கூடாது.

கிளினிக் போகிறவர் விலைக்கு முன் இதைக் கேளுங்கள்: மயக்க ஊசி போடுவதும் தோலைக் கீறுவதும் யார்? பதிவு பெற்ற மருத்துவரா, வேலைக்கு வைத்த உதவியாளரா? இந்த வேலையைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மருந்து ஒவ்வாமை, மயக்கம் என்று ஏதாவது ஆனால் சமாளிக்க ஆக்சிஜனும் அவசர மருந்துகளும் அறையில் இருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள். நட்ட முடி 2 முதல் 6 வாரத்தில் பெரும்பாலும் விழுந்துவிடும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுத் தோற்றம் வர ஒரு வருடம் ஆகும். மகளுக்கோ மகனுக்கோ கல்யாண மண்டபம் பதிவு செய்த பிறகு இதைத் தொடங்கினால் மேடையில் நிற்கும்போது தலை பாதி வழியில் இருக்கும்.